புகை பார்க்கிற வேலை

என் தம்பிக்குப் புகை பார்க்கிற வேலை. குன்னத்தில் யாராவது கேட்டால் எங்கம்மா அப்படித்தான் சொல்லும். "ஆஸ்பத்திரில பொகை பாக்குறான்." கேட்பவர்கள் சாம்பிராணி போடுகிறான் என்றோ, கொசுவுக்குப் புகை அடிக்கிறான் என்றோ நினைத்துக்கொண்டு போவார்கள். எங்கள் காலனியில் ஐடிஐ முடித்த நாலைந்து பையன்களில் அவனும் ஒருத்தன். எலக்ட்ரீசியன் படிப்பு. ஒரு நகரத்தில், பெரிய கட்டடங்களின் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரரிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்து ஆறு வருசமாகிறது. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு ஃபியூஸ் போட மட்டும் தெரியும். அவன் வேலையைப் பற்றி நான் அக்கறையாகக் கேட்டதும் இல்லை. எங்கம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று அவன் வேலை பார்க்கும் மருத்துவமனைகளில் ஒன்றிலேயே, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சேர்த்து, நான் எட்டு நாள் துணைக்கு இருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த எட்டு நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சோதனை வைத்தார்கள். அன்றைக்கு நடந்ததை எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீயைப் பற்றி நம் பக்கங்களில் எழுதியதெல்லாம் வைத்த தீயைப் பற்றித்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளுமாக இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். நான் சொல்லப்போகிற தீ யாரும் வைக்காத தீ. ஒரு வயர் உருகி, ஓர் எந்திரம் சூடேறித் தானாகப் பற்றுவது. தானாகப் பற்றுகிற தீக்குச் சாதி தெரியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முதலில் தம்பி எனக்கு விளக்கியதைச் சொல்லிவிடுகிறேன். மோட்டுவளையில் வெள்ளையாய்க் கவிழ்த்த கிண்ணம்போல ஒன்று இருக்கிறதே, அதுதான் புகை டிடெக்டர். உள்ளே ஓர் இருட்டறை. அதில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி ஒருபக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். புகை உள்ளே நுழைந்தால் ஒளி சிதறி, ஓரமாக வைத்திருக்கும் உணர்கண்ணில் படும். உடனே கீழே காவலர் அறையில் இருக்கும் பேனலுக்குச் செய்தி போகும். எந்த மாடி, எந்த அறை என்று பேனல் எழுத்தில் காட்டும். "அதோட முடிஞ்சிடல அக்கா, அதுக்கப்புறம்தான் வேலையே" என்றான். ஹூட்டர் அலற வேண்டும். ஏசி காற்றைத் தள்ளுகிற எந்திரம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே புகையை அறை அறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். காற்றுக் குழாய்க்குள் இருக்கும் தகட்டுக் கதவுகள் மூட வேண்டும். லிஃப்ட்டுகள் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். தானாகப் பூட்டுகிற கதவுகளின் பூட்டு விட வேண்டும். தீக்கால வெளியேறு படிக்கட்டுக்குள் மொட்டைமாடி ஃபேன் காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும். உள்ளே காற்றழுத்தம் கூடுதலாக இருந்தால், கதவைத் திறந்தாலும் காற்று வெளியே தள்ளும், புகை உள்ளே ஏறாது. அந்த அழுத்தம் 50 பாஸ்கல் என்று கட்டட விதித் தொகுப்பில் கணக்கு இருக்கிறதாம். அரை சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் பாரம், அவ்வளவுதான். அதற்கு மேலே ரொம்பக் கூடினால் எங்கம்மாவைப் போன்ற கிழவியால் கதவைத் தள்ளித் திறக்க முடியாது.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதுதான் சோதனை. நீளக் குச்சியின் முனையில் ஒரு கிண்ணம், அதற்குள் புகை டின். டிடெக்டருக்குக் கீழே பிடித்தால் டின் பீச்சும். முன்பெல்லாம் பீடி பற்றவைத்தும் ஊதுவத்தி கொளுத்தியும் பார்ப்பார்களாம். அது உள்ளே பிசினாகப் படிந்து கருவியையே கெடுத்துவிடும் என்று அவன் சொன்னபோது எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போது, தோல் எவ்வளவு சூடு தாங்கும் என்று விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார். அதுவும் சோதனைதான்.

தாத்தாவைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்ல வேண்டும். ஊர்த்தெருவில் வைக்கோல் போர் பற்றினால் தாத்தாதான் பறையடிக்க வேண்டும். ஏரி உடைந்தாலும் அவர்தான், சாவு விழுந்தாலும் அவர்தான். சத்தம் கேட்டதும் நம்மாட்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடுவார்கள். மற்ற நாளில் நுழைய முடியாத வாசலுக்கெல்லாம் அன்றைக்குத் தடை கிடையாது. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு சித்திரை மாத மத்தியானம் சேரியில் ஒன்பது குடிசை எரிந்தது. தாத்தா அடித்த அடியில் தோல் கிழிந்தது என்று எங்கம்மா சொல்லும். ஊர்த்தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. மறுநாள் பண்ணையில் கேட்டபோது சொன்னார்களாம்: "சேரில எவனோ செத்துட்டான், சாவு மோளம்னு நெனச்சோம்." தீயை அறிவிக்கும் அடி வேறு, சாவடி வேறு. அந்த வித்தியாசம் ஊரில் ஒவ்வொரு காதுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தம்பி குச்சியோடு மேலே, அவனுடைய சீனியர் கீழே பேனலுக்கு முன்னால். இருவரும் செல்போனில் பேசிக்கொண்டே போனார்கள். "வந்துச்சாண்ணே?" "வந்துச்சுடா. அடுத்தது." நான்காம் மாடியில் பணம் கட்டித் தங்குகிற தனியறைகள். அங்கே ஒவ்வொன்றும் வந்தது. பிறகு நாங்கள் இருந்த மூன்றாம் மாடிப் பொதுவார்டு. தாழ்வாரத்தில் வந்தது. ஹூட்டர் பத்து விநாடி அலறியது. முப்பது படுக்கை. யாரும் அசையவில்லை. சிஸ்டர் ஒருவர் வாசலில் நின்று, "டெஸ்டிங்தான், பயப்படாதீங்க" என்றார். எங்கம்மா வயிற்றில் டியூபோடு படுத்தபடி என்னைக் கேட்டது: "நெசமாவே பத்திக்கிட்டா என்னா சொல்லுவாங்க?"

வார்டுக்குள் குச்சியைத் தூக்கினான். கீழேயிருந்து பதில் இல்லை. அடுத்த டிடெக்டர். இல்லை. ஏழு டிடெக்டரிலும் இல்லை. பேனலைத் துழாவிப் பார்த்த சீனியர் சொன்னார், அந்த வார்டு முழுவதையும் பேனலிலேயே துண்டித்து வைத்திருக்கிறார்கள் என்று. இரண்டு மாதமாக. காலையில் நோயாளிகளுக்கு ஆவி பிடிக்கும்போது நீராவி ஏறி அடிக்கடி பொய்யாக அலறியிருக்கிறது. டிடெக்டரைத் தள்ளி மாட்டலாம், வேறு வகை மாற்றலாம். அதற்குச் செலவு. துண்டிப்பதற்கு ஒரு பொத்தான் போதும்.

இது அந்த ஒரு கட்டடத்தின் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2011 டிசம்பர் 9 விடியற்காலை கொல்கத்தா டாகுரியாவில் அம்ரி மருத்துவமனை. வண்டி நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கே பற்றியது. கட்டடம் முழுக்கக் கண்ணாடி போட்டு மூடியது. ஏசி குழாய் வழியாகப் புகை மேலேறித் தூக்கத்திலேயே கொன்றது. 90 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் நெருப்பே தொடாமல். எச்சரிக்கைக் கருவிகளை அணைத்து வைத்திருந்ததாக அன்றைக்குச் செய்திகள் வந்தன. நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. புகையை முதலில் பார்த்தவர்கள் பக்கத்துப் பஞ்சானன்தலா சேரிக்காரர்கள். ஓடிவந்தவர்களை வாசல் காவலர்கள் துரத்திவிட்டார்கள். பிறகு அவர்களே சுவரேறி, கண்ணாடியை உடைத்து, நோயாளிகளைத் தூக்கி வந்தார்கள். எச்சரிக்கை மணி வேலை செய்யாத இடத்தில் மனிதர்கள் மணியாக வந்து நின்றார்கள், அந்த மணியையும் துண்டித்தார்கள். உள்ளே கேரளத்துச் செவிலியர் இருவர் எட்டு நோயாளிகளை வெளியேற்றிவிட்டு மறுபடி போய்த் திரும்பவில்லை.

ராஜ்கோட்டில் 2020 நவம்பரில் ஒரு கோவிட் மருத்துவமனை எரிந்த பிறகு, கோவிட் மருத்துவமனைகளை மாதம் ஒருமுறையாவது தீப் பாதுகாப்புத் தணிக்கை செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 18 அன்று உத்தரவிட்டது. மூன்றே வாரம். 2021 ஜனவரி 9 அன்று மகாராஷ்டிராவில் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பத்துக் குழந்தைகள் செத்தன. அதிலும் தீயில் வெந்ததைவிடப் புகையில் மூச்சு முட்டியதே அதிகம். விசாரணை முடிந்ததும் மேலதிகாரிகளுக்கு இடைநீக்கம், இடமாற்றம். ஒப்பந்தச் செவிலியர்களுக்கு வேலையே போயிற்று. 2024 நவம்பரில் ஜான்சி, மறுபடி பச்சிளங்குழந்தைகள். அடுத்த மாதமே நம் திண்டுக்கல்லில், திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு பேர், லிஃப்ட்டுக்குள் சிக்கியவர்கள் உட்பட. லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்று தம்பி சொன்னானே, அது ஏன் என்று அந்தச் செய்தியை நினைத்தபோதுதான் உறைத்தது.

அன்றைய சோதனையில் கடைசி வேலை படிக்கட்டு. மூன்றாம் மாடியின் மறுகோடியில் மராமத்துக்காக மூடிப்போட்ட ஒரு பகுதி. நோயாளிகள் இல்லை. அங்கே கல்யாண மேடையில் விடுவார்களே, அதே மாதிரிப் புகை எந்திரத்தை வைத்து ஓட்டினார்கள். ஃபேன் ஓடினால் படிக்கட்டுக் கதவிடுக்கில் பிடித்த காகிதத் துண்டு வெளிப்பக்கமாகப் பறக்க வேண்டும். தம்பி பிடித்த காகிதம் மெதுவாகப் படிக்கட்டுக்குள்ளே சாய்ந்தது. மொட்டைமாடி ஃபேனின் பெல்ட் எப்போதோ அறுந்து, யாரும் மாற்றவில்லை. ஏசியும் நிற்கவில்லை. புகை படிக்கட்டுக்குள் போனது.

உள்ளே ஆள் இருந்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஆறு பெண்கள். நீல நிறச் சேலை, அதே நிறச் சட்டை. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள். மத்தியானச் சோற்றை மூன்றரை மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருமிக்கொண்டு, தூக்குச்சட்டியைப் பிடித்தபடி, ஒருத்தர் கையில் சோற்றுப் பருக்கையோடு மேலேறி வந்தார்கள். அவர்களுக்கு யாரும் சோதனை என்று சொல்லவில்லை. செவிலியருக்குச் சொன்னார்கள், காவலருக்குச் சொன்னார்கள், கேன்டீனுக்குக்கூடச் சொன்னார்கள். காவலர் முதலில் கேட்ட கேள்வி, "இங்க என்ன பண்றீங்க?"

என்ன பண்ணுவார்கள்? அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் டாக்டருக்கு அறை உண்டு, சிஸ்டருக்கு உண்டு, காவலருக்குக் கூண்டு உண்டு. துப்புரவு அக்காக்களுக்குச் சேலை மாற்ற, சோறு தின்ன, கால் நீட்ட இடம் கிடையாது. ஆறு பேரில் ஐந்து பேர் நம் சனம். ஆறாவது அக்கா அருந்ததியர், எல்லாரிலும் மூத்தவர், கழிப்பறை வேலை அவருக்கு மட்டும்தான். நமக்குள்ளேயும் படிக்கட்டு இருப்பதை இந்த இடத்தில் எழுதாமல் தாண்டக் கூடாது. யாரும் வராத தீப்படிக்கட்டுதான் அவர்களுடைய அறை. அட்டைப்பெட்டி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஆணியில் தொங்கும் பைகள், வாளி.

எங்கள் குன்னம் தொகுதிக்குள்தான் குழுமூர் இருக்கிறது. 1200க்கு 1176 வாங்கியும் மருத்துவம் படிக்க முடியாமல் 2017இல் செத்துப்போன அனிதாவின் ஊர். ஆஸ்பத்திரியின் முன்வாசல் வழியாக நம் பெண்கள் டாக்டராக நுழைவதற்காக நாங்கள் அன்றைக்குச் சாலையில் உட்கார்ந்தோம். பின்படிக்கட்டில் ஏற்கெனவே நுழைந்திருந்தவர்களைப் பற்றி நான் எதுவும் யோசித்திருக்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சாயங்காலம் சோதனை அறிக்கை எழுதினார்கள். அச்சடித்த படிவம். கட்டடப் பராமரிப்பு மேலாளர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, சீனியர் எழுதினார். டிடெக்டர்கள்: திருப்தி. ஹூட்டர்: திருப்தி. புகைக் கட்டுப்பாடு: திருப்தி. குறைபாடு என்ற கட்டத்தில் ஒன்றே ஒன்று: வெளியேறு படிக்கட்டில் துப்புரவுப் பணியாளர்களின் ஆக்கிரமிப்பு.

ஆக்கிரமிப்பு. புறம்போக்கில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. ஏரிக்கரையில் பிணத்தைப் புதைத்தால் ஆக்கிரமிப்பு. இப்போது ஒரு வாய்ச் சோறும் ஆக்கிரமிப்பு. அறுந்த பெல்ட்டுக்குப் படிவத்தில் இடமில்லை, தூக்குச்சட்டிக்கு இடமிருந்தது.

தம்பியிடம் சண்டை போட்டேன். அவன் திரும்பிச் சண்டை போட்டான். "அக்கா, ஒன்னோட கோவம் சரி. ஆனா அது நெசமாவே தடைதான். ராத்திரி கரண்டு போயி, பொகையில கண்ணு தெரியாம முப்பது பேரு எறங்கி வந்தா மொத நாற்காலியிலயே விழுந்துடுவாங்க. மேல மேல மிதிச்சே சாவாங்க. ஒங்க ஆளுங்கன்னு நான் சரின்னு எழுத முடியாது." அவன் 'ஒங்க ஆளுங்க' என்றது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னது உண்மை. கூட்டத்தில் பேசும்போது ஒரு வாக்கியத்தில் எதிரியைக் காட்டி முடித்துவிடலாம். இங்கே அப்படி முடியவில்லை. அந்தப் படிக்கட்டு காலியாக இருக்க வேண்டும், அந்தப் பெண்களுக்கும் ஓர் இடம் வேண்டும். புகை ஏறினால் முதலில் சாகிறவர்களும் அவர்களே. "சரி, தடைன்னு எழுது. பெல்ட்டையும் எழுது, வார்டையும் எழுது" என்றேன். "எழுதினா எனக்கு வேலை இருக்காது." "அம்மா அந்த வார்டுலதான்டா படுத்திருக்கு."

அவன் பேசாமல் போய்விட்டான். ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு கார்பன் நகலைக் காட்டினான். சீனியர் எழுதியதற்குக் கீழே அவனுடைய கோணல் கையெழுத்தில் மூன்று வரி. மூன்றாம் மாடிப் பொதுவார்டு துண்டிப்பில் உள்ளது. ஏசி நிற்கவில்லை. படிக்கட்டு ஃபேன் பெல்ட் இல்லை, புகை உள்ளே வந்தது. கையொப்பம், தேதி. சீனியர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். "நானும் புள்ளகுட்டிக்காரன்டா" என்றாராம், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இவனுக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரியே வார்டின் துண்டிப்பை நீக்கிவிட்டார்கள். விடியற்காலையில் ஒரு தடவை பொய்யாக அலறியது. எங்கம்மா சிரித்தது. வயிற்றுத் தையல் இழுக்குது, சிரிக்க வைக்காதே என்று என்னையே திட்டியது.

அடுத்த மாதம் தம்பியை அந்தக் கட்டடத்திலிருந்து மாற்றி, ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு வேலைக்கு அனுப்பினார்கள். வேலை போகவில்லை, நகரப்படி போயிற்று.

பெண்களை அன்றைக்கே படிக்கட்டிலிருந்து விரட்டியிருந்தார்கள். ஒரு வாரம் அவர்கள் பின்பக்கம், மஞ்சள் பைகளில் மருத்துவக் கழிவு கட்டி வைக்கும் அறையின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் பார்த்தேன், நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவர்கள் பழகிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கம்மா வீடு திரும்பிய பிறகும் நான் மூன்று தடவை பஸ் ஏறிப் போனேன். தொழிற்சங்கத் தோழர்கள் இருவர் கூட வந்தார்கள். மனு எழுதினோம். ஆறு பேரில் நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள், மூத்த அக்கா கைநாட்டு. இன்னொருத்தர் பயந்து போடவில்லை, அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மனுவில் 'ஓய்வறை' என்று எழுதியிருந்தேன். மூத்த அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஓய்வுன்னு போடாதம்மா, சும்மா ஒக்கார எடம் கேக்குறாளுங்கம்பான். சேலை மாத்த எடம்னு போடு" என்றார். அப்படியே மாற்றினோம்.

மூன்று வாரத்தில் அறை கொடுத்தார்கள். அடித்தளத்தில். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், பழைய மெத்தைகள் போட்டுவைத்திருந்த ஓர் அறை. சன்னல் இல்லை, ஒரே கதவு. பெண்களுக்குச் சந்தோசம். பூட்டும் சாவியும் அவர்கள் கையில். மூத்த அக்கா போன் பண்ணி, "கதவைச் சாத்திக்கிட்டு சேலை மாத்துனேன் தாயி, இந்த ஆஸ்பத்திரில பதினோரு வருசத்துல மொதத் தடவ" என்றார். அந்தச் சந்தோசத்தில் நானும் ஊரில் நாலு பேரிடம் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டேன்.

தம்பி மட்டும் கேட்டான்: "மெத்தையெல்லாம் எடுத்துட்டாங்களா? டிடெக்டர் இருக்கா?"

மெத்தைகளைப் பாதி எடுத்திருந்தார்கள். மோட்டுவளை வெறுமையாக இருந்தது. கட்டடம் கட்டியபோது அது ஆள் இருக்கும் அறையாகக் கணக்கில் இல்லை, அதனால் வயரே போகவில்லை. மறுபடி மனு எழுதினோம். அந்த மனு இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது. மெத்தைகள் மட்டும் ஒரு மாதத்தில் போயின, அதுவும் பெண்களே சுமந்து கொண்டுபோய்ப் போட்டார்கள்.

காத்திருக்க முடியாது என்று தம்பி ஒரு யோசனை சொன்னான். பேட்டரியில் ஓடுகிற தனி டிடெக்டர் கடையில் கிடைக்கிறது. பேனலுக்குச் செய்தி போகாது, ஆனால் அந்த இடத்திலேயே அலறும். ஆறு பேரும் காசு போட்டார்கள், கையெழுத்துப் போடாத அக்காவும் போட்டார். குறைந்ததை நான் போட்டேன். தம்பிக்கு அந்தக் கட்டடத்துக்குள் போக இப்போது அனுமதி இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்த அக்காவும் இன்னொருத்தரும் பஸ் ஏறிக் குன்னத்துக்கு வந்தார்கள். எங்கள் இரவுப்பள்ளித் திண்ணையில் தம்பி அதைக் கழற்றிக் காட்டி, மாட்டும் விதம் சொல்லிக்கொடுத்தான். சுவர் ஓரத்தை ஒட்டி மாட்டக் கூடாது, நடுவில் மாட்ட வேண்டும். தூசி படியாமல் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். இடையில் விட்டு விட்டு 'கீச்' என்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது. அலறினால் தூக்குச்சட்டியை எடுக்கப் போகக் கூடாது. மூத்த அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ஜெனரேட்டரு பொகை வந்தாலும் கத்துமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்றான் தம்பி. கத்தலாம், அப்படிக் கத்தினாலும் வெளியே வந்துவிட வேண்டும், அந்தப் புகையும் ஆளைக் கொல்லும் என்றான். "ஆனா அதுக்காக கழட்டி மட்டும் வச்சுடாதீங்க அக்கா."

எங்கம்மா காப்பி போட்டுக் கொடுத்தது. மூத்த அக்காவிடம், "எங்க மாமனாரும் இந்த வேலதான் பாத்தாரு" என்றது. அவர் என்ன வேலை என்று கேட்கவில்லை.

வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். பொத்தான் மோட்டுவளையில், எட்டாது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்கு ஏறும் முன்னால் மூத்த அக்கா ஒட்டடைக் குச்சியைத் திருப்பிப் பிடித்து, கட்டை முனையால் அழுத்துகிறார். பிறகு எனக்கு ஒரு மிஸ்டு கால். நான் திருப்பிக் கூப்பிட்டால் ஒரே வார்த்தை: "கத்துது."